கிண்டல், பழிச்சொல், கஷ்டம்: அந்த நேரத்தில் விசுவாசம் கைகொடுத்ததா? உங்கள் அனுபவம்

கடுகுவிதை:
சபையில் சாட்சி சொல்வதுபோல முடிவு சுபமாக இருக்கிற கதைகள் இங்கே வேண்டாம். மனதில் இன்னும் உறுத்திக்கொண்டிருக்கிற ஒன்றை மட்டும் எழுதுங்கள். என்னுடையதை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் குழுவின் வேலை தாமதமாகிவிட்டது, காரணங்கள் பல, அதெல்லாம் இங்கே முக்கியமில்லை. கூட்டத்தில் எல்லார் முன்னாலும் ஒருவர் என்னைப் பார்த்து, "தேதி தள்ளிப்போகிறதென்று தெரிந்ததும் வேலை பார்த்தீர்களா, இல்லை முழங்கால் போட்டு ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தீர்களா?" என்று கேட்டார். ஒரே சிரிப்பு. நான் பலகைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன், கையில் மார்க்கர். அதன் மூடியைக் கழற்றி மாட்டி, கழற்றி மாட்டி, அந்த டக் டக் சத்தம்தான் இன்னும் காதில் இருக்கிறது. "அவர் வையப்படும்போது பதில்வையாமலும்" என்று இயேசுவைப் பற்றிச் சொல்கிற 1 பேதுரு 2:23 அப்போது ஞாபகம் வந்தது, அது பொய்யில்லை. பேசாமல் நின்றேன். மேலாளர் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். வசனம் வந்ததால் பேசாமல் இருந்தேனா, இல்லை பயத்தில் வாயடைத்து நின்றுவிட்டு அதன்மேல் வசனத்தை எடுத்துப் போர்த்திக்கொண்டேனா? வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தானே இருக்கும்.

சூரைச்செடி:
என் மனைவி ஆஸ்பத்திரியில் இருந்த சமயம். என்ன வியாதி என்பதை விட்டுவிடுங்கள், லேசானதில்லை. சபையிலிருந்து ஒருவர் பார்க்க வந்தார், நல்ல மனுஷர்தான், தூரத்திலிருந்து வந்திருந்தார். ஜெபம் பண்ணி முடித்துவிட்டு, கண்ணைத் திறந்த கையோடு, "சுகம் இன்னும் வரவில்லையென்றால் விசுவாசத்தில் எங்கோ குறைவு இருக்கிறது, ஆராய்ந்து பாருங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் போன பிறகு இவள் ஊசி குத்தியிருந்த கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே, "அப்போ இது என்னாலதானா?" என்றாள். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ராத்திரி ஏதாவது வாசிக்கச் சொன்னாள். ஆறுதலுக்கு வழக்கமாக வாசிக்கிற, பைபிளிலுள்ள 23-ஆம் சங்கீதம் வேண்டாமாம். பக்கங்களைப் புரட்டும்போது 88 கண்ணில் பட்டது, அதை வாசித்தேன். தெரிந்தவர்களுக்குத் தெரியும், மற்ற புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலானவற்றில் முடிவிலாவது ஒரு துதி, ஒரு நம்பிக்கை வரும், 88-இல் அதுவும் கிடையாது. "எனக்கு அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள்" என்று இருட்டிலேயே முடிந்துவிடும். முடித்ததும் எனக்குச் சங்கடமாக இருந்தது, தப்பான இடத்தை எடுத்துவிட்டோமோ என்று. அவள், "இன்னொரு தடவை வாசிங்க" என்றாள். அப்புறம் தூங்கிவிட்டாள். அவ்வளவுதான், இதற்கு மேல் விளக்கம் எனக்குத் தெரியாது.

அபிசாய்:
கடுகுவிதை பிரதர், உங்கள்மேல் கோபமில்லை, ஆனால் இந்த "பேசாமல் இருப்பதுதான் கிறிஸ்தவம்" என்கிற போதனைமேல் எனக்கு நிறையக் கோபம் உண்டு. என் கதை சின்னது. கூட இருந்த ஒருவர் என்மேல் பணம் எடுத்ததாகப் பழி போட்டார், நான் கணக்குப் புத்தகத்தைக் கொண்டுவந்து மேசைமேல் விரித்து, "எந்த வரி என்று விரல் வைத்துக் காட்டுங்கள்" என்றேன். அவர் விரலை மேசை விளிம்பிலேயே வைத்துக்கொண்டார், தாளுக்கு வரவில்லை. முடிந்தது.

இனி நான் சொல்ல வந்தது. நீங்கள் காட்டுகிற அதே இயேசுதான், பிரதான ஆசாரியனுக்கு முன்னால் சேவகன் ஒருவன் கன்னத்தில் அறைந்தபோது பேசாமல் இருக்கவில்லை. யோவான் 18:23 எடுத்துப் பாருங்கள்: "நான் தகாதவிதமாய்ப் பேசினதுண்டானால், தகாததை ஒப்புவி, நான் தகுதியாய்ப் பேசினேனேயாகில், என்னை ஏன் அடிக்கிறாய்". திட்டவில்லை, திருப்பி அடிக்கவில்லை, ஆனால் ஆதாரம் கேட்டார். பவுலைப் பாருங்கள். பிலிப்பி பட்டணத்தில் விசாரணையே இல்லாமல் அடித்துச் சிறையில் போட்டுவிட்டு, மறுநாள் காலையில் "போகலாம்" என்று ஆள் அனுப்புகிறார்கள். போனாரா? ரோமக் குடிமக்களை எல்லார் முன்னாலும் அடித்துவிட்டு இப்போது ரகசியமாக அனுப்புவதா, அதிகாரிகளே நேரில் வந்து வெளியே அழைத்துக்கொண்டு போகட்டும் என்றார், அவர்களும் வந்து கெஞ்சினார்கள் (அப்போஸ்தலர் 16). பிறகு ரோம ஆளுநர் பெஸ்துவுக்கு முன்னால் இராயனிடத்துக்கே அபயமிட்டார், அதாவது ரோமப் பேரரசரிடமே மேல்முறையீடு செய்தார். இதெல்லாம் விசுவாசக் குறைவா? ஆகவே நீங்கள் செய்யவேண்டியது, கேட்காமலேயே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்: என்ன சொன்னார், யார் யார் இருந்தார்கள், என்றைக்கு என்று முதலில் எழுதி வையுங்கள். இரண்டாவது, அவரிடம் தனியாகப் போய்க் கேளுங்கள். மத்தேயு 18-இல் அந்த வரிசைதானே இருக்கிறது, முதலில் தனியாக, பிறகு இரண்டொருவரைக் கூட்டிக்கொண்டு. அந்த வேதபாகம் சகோதரனைப் பற்றியது, அலுவலகத்தைப் பற்றியதல்ல என்று யாராவது வருவீர்கள். தெரியும். இருந்தாலும் புத்தி புத்திதானே. மூன்றாவது, கேட்கும்போது மதத்தை இழுக்காதீர்கள். "என் ஜெபத்தைக் கிண்டல் செய்தீர்கள்" என்று தொடங்கினால் பேச்சு வேறு பக்கம் போய்விடும், "தாமதத்துக்குக் காரணம் நான் என்று எதை வைத்துச் சொன்னீர்கள்" என்று கேளுங்கள்.

கடுகுவிதை:
பேசாமல் இருப்பதுதான் கிறிஸ்தவம் என்று நான் எங்கே எழுதினேன்? ஏன் பேசவில்லை என்று எனக்கே தெரியவில்லை என்றுதான் எழுதினேன். யோவான் 18 நல்ல இடம், அதற்கு நன்றி. மற்ற மூன்று அறிவுரைகளையும் அடுத்தவருக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஞாயிறுபள்ளி டீச்சர்:
வெளியாட்கள் செய்கிற கிண்டலை நான் தாங்கிக்கொள்வேன். எனக்கு நடந்தது சபைக்குள்ளேயே. பெயர் போடாத ஒரு கடிதம், தட்டச்சு செய்தது, என் பாடப்புத்தகத்துக்குள் சொருகி வைத்திருந்தார்கள். நான் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கத் தகுதியில்லாதவள், என் வீட்டு நிலைமையைப் பார்த்தாலே தெரியும் என்று எழுதியிருந்தது. என் வீட்டு நிலைமை என்னவென்று இங்கே எழுதப்போவதில்லை, அதில் என் தப்பு எதுவும் இல்லை, அது மட்டும் போதும். அடுத்த ஆராதனையில் திருவிருந்துக்கு முன்னால் சமாதான வாழ்த்து சொல்கிற நேரம் வந்தது. ஒவ்வொருவராகக் கையை நீட்டுகிறார்கள், "சமாதானம்", "சமாதானம்", நானும் சிரித்துக்கொண்டே கையைப் பிடிக்கிறேன், உள்ளுக்குள் ஒவ்வொரு கையாக, இந்தக் கைதான் தட்டச்சு செய்ததா, இந்தக் கையா என்று ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு வயதான அம்மா என் கையை வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அன்பா, குற்ற உணர்ச்சியா? இன்றைக்கு வரைக்கும் அவர்களை நேராகப் பார்க்க முடியவில்லை, பாவம், அவர்களுக்கு ஒன்றுமே தெரியாமலும் இருக்கலாம்.

எனக்கு அப்போது உதவியது சீமேயி கதை. தன் மகன் அப்சலோமுக்குப் பயந்து தாவீது ராஜா ஓடுகிறபோது சீமேயி கூடவே நடந்து கல்லெறிந்து தூஷிக்கிறான், அபிசாய் (உங்கள் பெயர்தான் சார்!) அந்தச் செத்த நாயின் தலையை வாங்கிப்போடுகிறேன் என்கிறான், தாவீது விடு, தூஷிக்கட்டும் என்கிறார். அந்த "விடு" எனக்குப் பிடித்திருந்தது. அவன் சொல்வது உண்மை என்றும் சொல்லவில்லை, பொய் என்றும் சொல்லவில்லை, நடந்துகொண்டே இருக்கிறார். நானும் வகுப்பை நடத்திக்கொண்டே இருக்கிறேன்.

அபிசாய்:
டீச்சர், 2 சாமுவேல் 16-உடன் நிறுத்திவிட்டீர்கள். 1 இராஜாக்கள் 2-ஆம் அதிகாரத்தையும் வாசியுங்கள். சாகக் கிடக்கும்போது அதே தாவீது தன் மகன் சாலொமோனைக் கூப்பிட்டு, சீமேயியைச் சும்மா விடாதே, அவன் நரைமயிரை இரத்தத்தோடு பாதாளத்தில் இறங்கப்பண்ணு என்று சொல்லிவிட்டுத்தான் சாகிறார். ஒன்றையும் விடவில்லை, உள்ளேயே வைத்திருந்திருக்கிறார். சும்மா இருந்தால் இப்படித்தான் ஆகும்.

ஞாயிறுபள்ளி டீச்சர்:
வாசித்திருக்கிறேன் சார், வகுப்பு எடுக்கிறவளுக்கு அது தெரியாமலா இருக்கும். அதையும் சேர்த்துத்தான் பிடித்திருக்கிறது. அன்றைக்கு விட்டவருக்கே கடைசி வரை அது ஆறவில்லை என்றால், எனக்கு இன்னும் ஆறாததில் அதிசயம் ஒன்றுமில்லை.

பாபிலோன்வாசி:
வேலை போன வாரத்தில் எனக்கு வந்த எரேமியா 29:11-களுக்குக் கணக்கே இல்லை. வாழ்த்து அட்டையில், பூப்படத்தோடு, சூரிய உதயத்தோடு. "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு". ஒருவர்கூட 10-ஆம் வசனத்தை அனுப்பவில்லை. எழுபது வருஷம் முடிந்த பிறகுதான் என்று அதில் எழுதியிருக்கிறது. சிறைப்பட்டு பாபிலோனுக்குப் போனவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம் அது, வாசித்துக் கேட்டவர்களில் பெரியவர்கள் எல்லாரும் அங்கேயே செத்துப்போயிருப்பார்கள். இதை நான் ஜெபக்குழுவில் சொன்னபோது ஒரு அண்ணன் என் தோளில் கை வைத்து, "கசப்பு வேர் முளைத்துவிட்டது தம்பி" என்றார். என் தோளில் அந்தக் கை இருந்த இடம் இன்னும் சூடாக இருக்கிறது, எரிச்சலில்.

ஆனால் அதே கடிதத்தில் 5-ஆம் வசனம் இருக்கிறது: வீடு கட்டுங்கள், குடியிருங்கள், தோட்டம் போடுங்கள், அதன் பலனைச் சாப்பிடுங்கள். சீக்கிரம் திரும்பிவிடுவோம் என்று சொல்லிக்கொண்டிருந்த தீர்க்கதரிசிகளை நம்பாதே, இருக்கிற இடத்தில் பிழைக்கிற வழியைப் பார் என்பதுதான் அங்கே பேச்சே. நான் அதை வைத்துக்கொண்டுதான் தெரியாத ஒரு தொழிலைப் பழகிக்கொண்டேன். 11 அட்டையிலேயே இருக்கட்டும்.

இரண்டாம்மைல்:
எல்லாவற்றையும் வாசித்தேன். யாரும் மன்னிப்பைப் பற்றிப் பேசவில்லையே என்பது ஆச்சரியமாக இருக்கிறது. என்னைப் பற்றி வதந்தி பரப்பிய ஒருவரை நான் ஒரு கல்லறைத் தோட்டத்தில் சந்தித்தேன், அவர் வீட்டுச் சாவுக்குப் போயிருந்தேன், அவர் என்னைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினார், நான் தலையசைத்தேன், அவ்வளவுதான். அதற்கு மேல் நடந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருக்கிறது.

கோரி டென் பூம் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள், நெதர்லாந்துக்காரர், யூதர்களை வீட்டில் ஒளித்து வைத்ததற்காக 1944-இல் நாசிகளிடம் குடும்பத்தோடு பிடிபட்டவர். அப்பா காவலிலேயே இறந்தார், அக்கா பெட்ஸி ராவன்ஸ்புரூக் வதைமுகாமில் இறந்தார். 1947-இல் ம்யூனிக்கில் ஒரு ஆலயத்தில் மன்னிப்பைப் பற்றிப் பேசி முடித்ததும் ஒருவர் வந்து கையை நீட்டுகிறார், பார்த்தால் அந்த முகாமின் காவலாளி. கோரியின் கை எழும்பவில்லை. உள்ளே எந்த உணர்ச்சியும் இல்லாமல், கையை மட்டும் நான் நீட்டுகிறேன், மற்றதை நீர் கொடும் என்று ஜெபித்துக்கொண்டு நீட்டினார். ஆகவே டீச்சர் அம்மா அந்த வயதான அம்மாவிடம் போய்ப் பேசவேண்டும், கடுகுவிதை அந்தச் சகஊழியரைத் தேடிப் போகவேண்டும், சூரைச்செடி அந்தச் சபைக்காரரை மன்னிக்கவேண்டும், உணர்ச்சி பிறகு வரும், முதலில் கை. அபிசாய் அண்ணன் கணக்குப் புத்தகத்தை மூடி வைக்கவேண்டும். கசப்பைச் சுமக்கிறவனுக்குத்தான் பாரம், எதிராளிக்கு ஒன்றுமில்லை. தினமும் காலையில் அவர்கள் பெயரைச் சொல்லி ஆசீர்வதித்துப் பாருங்கள், முதலில் பல்லைக் கடித்துக்கொண்டுதான் வரும்.

சூரைச்செடி:
நான் அவரை மன்னிக்கவில்லை என்று யார் உங்களிடம் சொன்னது? அவர் அடுத்த வாரமும் வந்தார், நாற்காலி போட்டேன். ஆனால் அறைக்கு வெளியே போட்டேன். அவள் தூங்குகிறாள் என்று சொல்லிவிட்டேன், தூங்கவில்லை. பவுல் 2 தீமோத்தேயு 4-இல் தன்னைக் கைவிட்டவர்களைப் பற்றி, அந்தக் குற்றம் அவர்கள்மேல் சுமராதிருப்பதாக என்கிறார். அதற்கு ஒரு வசனம் முன்னால்தான் கன்னானாகிய (செம்பு வேலை செய்கிற) அலெக்சந்தரைக் குறித்து எச்சரிக்கையாய் இரு என்று தீமோத்தேயுவுக்குச் சொல்லி வைக்கிறார். இரண்டையும் சொல்வது ஒரே ஆள், ஒரே கடிதத்தில். கோரியைத் தேடி வந்து கை நீட்டியவர் மன்னிப்புக் கேட்டார், அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அபிசாய்:
இதைத்தான் நானும் சொல்கிறேன். புத்தகம் திறந்தேதான் இருக்கும்.

வெளியாள்:
நான் விசுவாசி இல்லை, சும்மா வாசித்துக்கொண்டிருந்தேன், ஒன்று எழுதலாமா? என் கூட வேலை பார்த்த நண்பனுக்கு ஒன்றன்பின் ஒன்றாக அடி, பணம் போனது, வீட்டில் சாவு. ஒரு நாள் நான் கேட்டேன், "இப்போ உன் கடவுள் எங்கேடா?" கிண்டலாகத்தான் கேட்டேன், கேள்வி நியாயமானதுதான் என்று இப்போதும் நினைக்கிறேன். அவன் சண்டைக்கு வருவான் அல்லது பிரசங்கம் பண்ணுவான் என்று தயாராக இருந்தேன். அவன் ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தான், குனிந்தபடியே, "நானும் அதையேதான் கேட்டுக்கிட்டு இருக்கேன், நீ புதுசா ஒண்ணும் கேட்கல, 42-ஆம் சங்கீதத்துலயே இருக்கு" என்றான். கயிற்றை முடிந்துவிட்டு எழுந்து வேலைக்குப் போய்விட்டான். போய்த் தேடிப் பார்த்தேன், உண்மைதான், "உன் தேவன் எங்கே" என்று எதிராளிகள் நாள்தோறும் கேட்கிறார்கள், இவருக்கு இரவும் பகலும் கண்ணீரே உணவு. என் கேள்வியை அவர்கள் தங்கள் பாட்டுப் புத்தகத்துக்குள்ளேயே எழுதி வைத்துக்கொண்டு பாடுகிறார்கள் என்பது எனக்கு ஏனோ பிடிபடவே இல்லை. பாதிதான் வாசித்தேன். கடைசியில் அதற்கு யாராவது பதில் சொல்கிறார்களா?

பாபிலோன்வாசி:
இல்லை. 10-ஆம் வசனத்தில் அதே கேள்வியை மறுபடியும் கேட்கிறார்கள். அவர் அவர்களுக்குப் பதில் சொல்லாமல், என் ஆத்துமாவே, நீ ஏன் கலங்குகிறாய் என்று தன்னிடமே கேட்டு, தேவனை நோக்கிக் காத்திரு என்று தனக்கே சொல்லிக்கொள்கிறார். 43-இலும் அதே வரி வரும், இரண்டையும் சேர்த்து வாசியுங்கள்.

சூரைச்செடி:
முடிந்தால் 88-ஐயும். அதில் அந்த வரிகூடக் கிடையாது.