வடக்கன்குளம் கோயில் ஏன் இரண்டு காலாகப் பிரிந்திருக்கிறது?

கேள்வி:
நாகர்கோவில் கல்யாணத்துக்குப் போன கையோடு வடக்கன்குளம் திருக்குடும்ப ஆலயத்துக்கும் போனோம். தேவசகாயம் பிள்ளை 1745-ல் ஞானஸ்நானம் வாங்கிய ஊர் என்பதால் அம்மாவுக்கு ரொம்ப நாள் ஆசை. நாங்கள் உட்கார்ந்தது ஒரு நீள மண்டபம். பூசை முடிந்து பீடத்துக்குப் பக்கத்தில் போன பிறகுதான் அதே மாதிரி இன்னொரு மண்டபம் சாய்வாக வந்து சேர்வது தெரிந்தது. ஏன் இப்படிக் கட்டினார்கள்?

பதில் 1:
எனக்கு அதுதான் சொந்த ஊர். சொல்லக் கஷ்டமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். அது சாதிக்காகப் போட்ட பிளான். 1872-ல் எழுந்த கோயில். வெள்ளாளருக்கு ஒரு மண்டபம், நாடாருக்கு ஒன்று. விரித்து வைத்த கால்சட்டை மாதிரி. இடுப்பு இருக்க வேண்டிய இடத்தில் பீடம். அங்கே நிற்கும் சாமியாருக்கு இரண்டு பக்கமும் தெரியும். இந்தப் பக்கம் முழங்காலில் இருப்பவருக்கு அந்தப் பக்கத்து முகம் தெரியாது. நடுவில் தடுப்புச் சுவர் வேறு. பூசை மட்டும் ஒன்று.

சுவரை 1910-ல் இடித்தார்கள். கௌசானல் சாமியார் காலம். எங்கள் ஆச்சி பிறந்தது அதற்கப்புறம்தான். சுவரைக் கண்ணால் பார்த்ததே இல்லை. ஆனாலும் அவருடைய அம்மா உட்கார்ந்த பக்கத்திலேயே, அதே தூணோரம்தான் கடைசிவரை உட்கார்ந்தார். சின்ன வயதில் நான் ஒருநாள் மற்ற பக்கம் ஓடிவிட்டேன். ஆச்சி திட்டவில்லை, பீடத்தருகே வந்து நின்று கையைக் காட்டிக் கூப்பிட்டார், அவ்வளவுதான். அந்தக் கோட்டைத் தாண்டவில்லை.

பதில் 2:
இடித்ததோடு விஷயம் முடியவில்லை. வெள்ளாளர் தரப்பு வழக்குப் போட்டது. கோயிலுக்குள் சாதியைச் சொல்லித் தனி இடம் கேட்க முடியாது என்று சென்னை ஐகோர்ட்டு தீர்த்தது. இன்னொன்று: 2022 மே 15-ல் தேவசகாயத்துக்குப் புனிதர் பட்டம் கொடுக்கும் முன்பே வத்திக்கான் அவர் பெயரிலிருந்து ‘பிள்ளை’ என்ற சாதிப் பட்டத்தை எடுத்துவிட்டது. இப்போது அவர் புனித தேவசகாயம் மட்டும்தான். நீங்களும் அப்படியே எழுதுங்கள்.

கேட்டவர்:
சரி, இனி அப்படியே எழுதுகிறேன். பதில்களை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், ‘அன்றைக்கு நாம எந்தப் பக்கம்டா உட்கார்ந்தோம்?’ என்று கேட்டார்.