எதிரொலி எங்களுக்குக் கேட்கவில்லை, மறுமுனையில் மட்டும் கேட்கிறது: கோளாறு யார் பக்கம்?

அறைப்பொறுப்பு:
வணக்கம். அலுவலக மீட்டிங் அறையைப் பார்த்துக்கொள்வது என் வேலை. விண்டோஸ் கணினி, மேஜை நடுவில் யூஎஸ்பி ஸ்பீக்கர்ஃபோன் (மைக்கும் ஸ்பீக்கரும் ஒன்றாக உள்ள கருவி), சுவரில் டிவி, அதன் மேல் யூஎஸ்பி கேமரா. எல்லாம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. பழைய டிவியை எடுத்துவிட்டுப் பெரிதாக ஒன்று மாட்டினோம். அதிலிருந்து மறுமுனையில் இருப்பவர்கள், தாங்கள் பேசுவது தங்களுக்கே திரும்பக் கேட்கிறது என்கிறார்கள். எங்கள் அறையில் எதிரொலியே இல்லை. அதனால் அவர்கள் மைக்கில்தான் பிரச்சினை என்று இங்கே எல்லோரும் சொல்கிறார்கள். இன்னொன்று: மீட்டிங் பாதியில் கேமரா காணாமல் போகிறது. பிடுங்கிச் செருகினால் வந்துவிடுகிறது. கேமராவை இடம் மாற்றியதால் கேபிள் இப்போது 10 மீட்டர் நீளம். எங்கிருந்து தொடங்குவது?

நீலத்திரை:
ஸ்பீக்கர்ஃபோனை ஃபேக்டரி ரீசெட் செய்து பாருங்கள். சரியாகவில்லை என்றால் புதிது வாங்கிவிடலாம்.

ஒலிப்பணி:
ரீசெட் வேண்டாம், புதிதும் வேண்டாம். எதிரொலி யாருக்குக் கேட்கிறதோ அவர் பக்கம் பெரும்பாலும் கோளாறு இருக்காது. கேட்காதவர் பக்கம்தான் பார்க்க வேண்டும். அவர்கள் குரல் உங்கள் அறை ஸ்பீக்கரில் ஒலிக்கிறது, அதை உங்கள் மைக் பிடித்துத் திருப்பி அனுப்புகிறது. உறுதி செய்துகொள்ள வேண்டுமா? அவர்களைப் பேசச் சொல்லிவிட்டு உங்கள் மைக்கை மியூட் செய்யுங்கள். எதிரொலி நின்றால் அது உங்கள் அறையிலிருந்துதான் போகிறது.

டிவி மாற்றிய பிறகு வந்தது என்பதுதான் முக்கியமான தடயம். புது டிவியை எச்டிஎம்ஐயில் செருகியதும் விண்டோஸ் அதையே ஸ்பீக்கராக எடுத்துக்கொண்டிருக்கும். ஸ்பீக்கர்ஃபோனுக்குள் எதிரொலியை நீக்கும் வேலை நடக்கிறது. தன் ஸ்பீக்கரில் என்ன ஒலிக்கிறது என்று அதற்குத் தெரியும், மைக்கில் வருவதிலிருந்து அதைக் கழித்துவிடும். ஒலி டிவி வழியாக வந்தால் எதைக் கழிப்பது என்று அதற்குத் தெரியாது. போதாக்குறைக்கு டிவி படத்தையும் ஒலியையும் மெருகேற்ற நேரம் எடுத்துக்கொள்ளும். அந்தத் தாமதம் எதிரொலியை இன்னும் தெளிவாகக் காட்டும்.

ஆகவே விண்டோஸ் ஒலி அமைப்பில் ஸ்பீக்கர், மைக் இரண்டுக்கும் ஸ்பீக்கர்ஃபோனையே தேர்ந்தெடுங்கள். மீட்டிங் செயலிக்குள் தனியாக ஒரு தேர்வு இருக்கும். அங்கேயும் 'சிஸ்டம் டீஃபால்ட்' என்று விடாமல் கருவியின் பெயரையே வையுங்கள். பிறகு டிவியின் ஒலிச் சாதனத்தை டிசேபிள் செய்துவிடுங்கள்.

கேமராவுக்குக் காரணம் கேபிள் என்றே நினைக்கிறேன். சாதாரண யூஎஸ்பி 2.0 கேபிளுக்கு 5 மீட்டர்தான் எல்லை, யூஎஸ்பி 3 என்றால் சுமார் 3 மீட்டர். உள்ளே சிப் வைத்த ஆக்டிவ் கேபிளோ, நெட்வொர்க் கேபிள் வழியாகப் போகும் யூஎஸ்பி எக்ஸ்டெண்டரோ போடுங்கள். இரண்டு சாதாரண கேபிள்களை ஒன்றோடொன்று இணைத்து நீட்ட வேண்டாம்.

இதைத் தள்ளிப் போடாதீர்கள். தன் குரல் தாமதமாகத் திரும்பி வந்தால் யாராலும் இயல்பாகப் பேச முடியாது. வெளியூரிலிருந்து சேர்பவர் இரண்டு வாக்கியத்தோடு நிறுத்திவிடுவார். அறையில் இருப்பவர்கள், அவருக்குச் சொல்ல ஒன்றுமில்லை என்று நினைத்துக்கொள்வார்கள். அது அவருக்கு அநியாயம்.

கம்பிவலை:
படமும் உறைந்தால் நெட்வொர்க்கையும் பாருங்கள். அந்தக் கணினியை வைஃபையில் விடாமல் கேபிளில் இணையுங்கள். மீட்டிங்கின் குரலும் படமும் வழக்கமாக யூடிபி என்ற முறையில் போகும், அது தொலைந்ததற்காகக் காத்திருக்காது. ஃபயர்வால் (நெட்வொர்க்கின் பாதுகாப்புத் தடுப்பு) அதை அடைத்தால் பல செயலிகள் டிசிபி 443 என்ற வேறு வழிக்குப் போய்விடும். அங்கே தொலைந்த பாக்கெட்டை (தரவுத் துண்டை) மறுபடி அனுப்பும்வரை பின்னால் வருவதெல்லாம் காத்திருக்கும். உங்கள் செயலி மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் என்றால் யூடிபி போர்ட் எண் 3478 முதல் 3481 வரை திறந்திருக்க வேண்டும். குரல் ஒருவழியில் 150 மில்லிசெகண்டுக்குள் போய்ச் சேர்ந்தால் நல்லது. அதற்கு மேல் போகப்போக இருவரும் ஒரே நேரத்தில் பேசி மோதிக்கொள்வார்கள்.

அறைப்பொறுப்பு:
ஒலிப்பணி சொன்னபடியே டிவிதான் ஸ்பீக்கராக இருந்தது. மாற்றியதும் எதிரொலி நின்றுவிட்டது, மிக்க நன்றி! ஆக்டிவ் கேபிளுக்குச் சொல்லியிருக்கிறேன். ஆனால் அறையில் உட்கார்ந்தே சிலர் சொந்த லேப்டாப்பிலும் சேர்கிறார்கள், அப்போது மட்டும் கீச்சென்று ஊளையிடுகிறது. இதற்கு என்ன செய்வது?

ஒலிப்பணி:
ஒரு அறைக்கு ஒரு மைக், ஒரு ஸ்பீக்கர்தான். ஒரு லேப்டாப்பின் ஸ்பீக்கரை இன்னொரு கருவியின் மைக் பிடித்தால் ஒலி சுற்றிக்கொண்டே இருக்கும். சேரும்போதே 'ஒலி இல்லாமல் சேர்' என்று தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். மைக்கை மட்டும் மியூட் செய்தால் போதாது, ஸ்பீக்கரும் அடங்க வேண்டும். மேஜையில் ஒரு சிறு அட்டையில் எழுதி வைத்தால் நல்லது.

அப்புறம், விண்டோஸ் அப்டேட்டோ ஃபர்ம்வேர் (கருவிக்குள் இருக்கும் மென்பொருள்) அப்டேட்டோ ஆனதும் ஒலி அமைப்பைத் திறந்து பாருங்கள், தேர்வு மாறியிருக்க வாய்ப்புண்டு. முடிந்தால் வெளியே இருக்கும் ஒருவரை இரண்டு நிமிடம் அழைத்து, அவர் குரல் அவருக்கே திரும்பக் கேட்கிறதா என்று கேளுங்கள். அறைக்குள் உட்கார்ந்துகொண்டு நீங்கள் கண்டுபிடிக்க முடியாது. கேபிள் மாற்றியதும் கேமரா நிலவரத்தைச் சொல்லுங்கள். அப்போதும் காணாமல் போனால் அது கணினியின் எந்த யூஎஸ்பி போர்ட்டில் இருக்கிறது, நடுவில் யூஎஸ்பி ஹப் ஏதும் உண்டா என்ற விவரம் வேண்டும்.