உதவி: கூச்சமுள்ளவர் பார்ட் (பாணர் பாத்திரம்) ஆடினால் பேச்சுக் காட்சிகளை எப்படி நடத்துவது?

வெள்ளவத்தை டிஎம்:
வணக்கம். ஞாயிறு பின்னேரங்களில் எங்கள் வீட்டில் ஐந்து பேர் சேர்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகி டைஸ் உருட்டிக் கதை ஆடும் டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ் விளையாடுகிறோம். கதையை நடத்தும் டிஎம் நான். 2014 விதிகள், எல்லோரும் 3ஆம் லெவல். சண்டை என்றால் பிரச்சினையே இல்லை. ஒரு என்பிசியோடு, அதாவது நான் ஆடும் பாத்திரத்தோடு, கதைக்கப் போனால்தான் சிக்கல்.

சித்தியின் மகள் பார்ட் ஆடுகிறாள். கரிஸ்மா (ஆளைக் கவரும் திறன்) 16, பெர்சுவேஷனில் (பேசி இணங்க வைப்பதில்) எக்ஸ்பர்டீஸ் என்ற இரட்டைத் தேர்ச்சி, ஆக டைஸில் விழுவதோடு மொத்தம் +7 கூடும். ஆனால் ஆள் சரியான கூச்சம். இன்னொரு தம்பி பள்ளிக்கூட விவாத அணியில் இருந்தவன். அவனுடைய ஃபைட்டருக்கு (போர்வீரன் பாத்திரம்) கரிஸ்மா 8, பெர்சுவேஷனும் இல்லை.

போன கிழமை துறைமுகக் காவலனிடம் சரக்குப் பதிவேட்டைக் கேட்க வேண்டியிருந்தது. "நான் அவரிட்ட கேக்கிறன்" என்றாள் தங்கச்சி. "என்ன சொல்லிக் கேட்பாய்?" என்றேன். பேசாமல் இருந்தாள். அதற்குள் தம்பி குறுக்கே புகுந்து இரண்டு நிமிடம் பிரமாதமாகப் பேசினான். நானும் உருட்டச் சொல்லாமலே கதவைத் திறந்துவிட்டேன். தங்கச்சி கையில் எடுத்து வைத்திருந்த டி20ஐ, அந்த இருபது பக்க டைஸைத் திரும்பப் பைக்குள் போட்டுக் கயிற்றை இழுத்துக் கட்டினாள். அதைப் பார்த்ததிலிருந்து எனக்கு மனம் சரியில்லை. என்ன செய்யலாம்?

கொட்டாஞ்சேனை அண்ணா:
தம்பி, உருட்டாமல் விட்டதுதான் பிழை. டிஎம் கையேட்டிலேயே இதற்கு வழி இருக்கிறது. முதலில் காவலன் நட்பா, அலட்சியமா, பகையா என்று நீங்கள் முடிவு செய்யவேண்டும். பிறகு கதை, கடைசியில் கரிஸ்மா உருட்டு. அலட்சியமாக இருப்பவன் தனக்கு ஆபத்தோ இழப்போ இல்லாத உதவியைச் செய்ய, உருட்டின் மொத்தம் 10 வந்தால் போதும். சின்ன ஆபத்தை ஏற்க 20 வேண்டும். பதிவேட்டைக் காட்டி மாட்டினால் காவலனுக்குத் திட்டு விழும், ஆகவே 20.

இப்போது கணக்கைப் பாருங்கள். தங்கச்சிக்கு 13 விழுந்தால் போதும். ஃபைட்டருக்குக் கரிஸ்மா 8 என்பதால் −1, டைஸில் 20 விழுந்தாலும் 19தான். 20 விழுந்தால் தானாக வெற்றி என்பது தாக்குதல் உருட்டுக்குத்தான். அதாவது அந்தக் கதவு அவனுக்குத் திறந்திருக்கவே கூடாது.

பம்பலப்பிட்டி:
அண்ணா சொல்வது சரி, ஆனால் முழுக்க டைஸிடம் விட்டால் கதைக்கிற சந்தோஷமே போய்விடும். கதைக்கும் கட்டத்தில் என்பிசியின் மனநிலையை ஒரு படி மாற்றவும் அதே விதி இடம் தருகிறது. காவலனுக்கு எது முக்கியம் என்று இன்சைட் (ஆளின் மனதைப் படிக்கும் திறன்) உருட்டிக் கண்டுபிடிக்கலாம். அவனுக்குச் சுகமில்லாத பிள்ளை இருக்கிறது என்று தெரிந்து மருந்து தருகிறோம் என்றால் ஆள் நட்பாகிவிடுவான். அதே 20, 10ஆக இறங்கும். நான் மதிப்பது என்ன சொன்னார்கள் என்பதைத்தான், எவ்வளவு அழகாகச் சொன்னார்கள் என்பதை அல்ல.

தோற்றால் ஆளுக்கு ஆள் உருட்டிப் பார்க்கவும் விடாதீர்கள். 2024 விதிகளில் தோற்றவர் அதே வழியில் மறுபடி வற்புறுத்த 24 மணிநேரம் காத்திருக்கவேண்டும். அதை உங்கள் மேசைக்கும் எடுக்கலாம்.

தெஹிவளை அக்கா:
ஒன்று கேட்கிறேன். என்பிசியாக நீங்கள் எந்த மொழியில் கதைக்கிறீர்கள்?

வெள்ளவத்தை டிஎம்:
ஆங்கிலத்தில், அக்கா. புத்தகம் ஆங்கிலம் என்பதால் அப்படியே பழகிவிட்டது. மற்றபடி எல்லாம் தமிழ்தான்.

தெஹிவளை அக்கா:
அங்கேதான் பாருங்கள். வாள் வீசத் தமிழ், வாய் திறக்க ஆங்கிலம். எங்கள் மேசையிலும் முதல் வருடம் இதுதான் நடந்தது. கூச்சம் என்று நாங்கள் நினைத்த பிள்ளை, காவலன் தமிழில் "என்ன பிள்ளை, இந்த நேரத்தில?" என்று கேட்டதும் பொரிந்து தள்ளினாள்.

இன்னொன்று, நடித்துத்தான் காட்டவேண்டும் என்றும் இல்லை. "என் பார்ட் அவரைப் புகழ்ந்து, பதிவேட்டைப் பார்க்க அனுமதி கேட்கிறாள்" என்றாலே போதும். அந்தத் தம்பியை வாள் தூக்கிக் காட்டு என்று யாரும் கேட்பதில்லையே. அவனிடமும் தனியாக, அன்பாகச் சொல்லுங்கள். அவன் கெட்ட பிள்ளை இல்லை, ஆசை கூடிப்போச்சு, அவ்வளவுதான்.

வெள்ளவத்தை டிஎம்:
எல்லோருக்கும் நன்றி. நேற்று விளையாடினோம். தம்பியிடம் முன்கூட்டியே கதைத்தேன், உடனே விளங்கிக்கொண்டான். சுங்க அதிகாரியைத் தமிழிலேயே கதைக்க வைத்தேன். தங்கச்சி முதலில் "அவரிட்ட கேக்கிறன்" என்றுதான் தொடங்கினாள். நான் அவசரப்படுத்தவில்லை. கடற்கரைப் பக்கம் ஒரு ரயில் போய் முடிந்தது. பிறகு நிமிர்ந்து, "ஐயா, உங்கட கையெழுத்தை வேற யாரோ போடுறாங்கள். அது உங்களுக்குத் தெரியுமோ?" என்றாள்.

அதிகாரிக்கு அதுதான் பயம் என்று நான் குறித்து வைத்திருந்தேன். அவள் இன்சைட் உருட்டக்கூட இல்லை. மனநிலையை ஒரு படி ஏற்றி, 10 என்றேன். 4 விழுந்தது, +7 உடன் 11. தம்பிதான் முதலில் கை தட்டினான்.