லொகரின் மழைக் கணக்கு நோட்டோடு ஒத்துவரவில்லை: கீபோட் டிஸ்பிளேயில் திருத்தினாலும் நிற்கவில்லை

கேள்வி (தலவாக்கலை)

எல்லோருக்கும் வணக்கம். தோட்டத்து மேல் மலையில் ஒரு பழைய கெம்பல் சயன்டிஃபிக் சிஆர்10எக்ஸ் லொகர் (அளவீடுகளைத் தானாகப் பதியும் கருவி) இருக்கிறது, அதோடு வாளி கவிழ்கிற மழைமானி ஒன்று. ஒரு கவிழ்ப்புக்கு 0.2 மி.மீ. லப்டொப்பில் இணைக்கிற இடைப்பெட்டி இல்லை, கையில் பிடிக்கிற கீபோட் டிஸ்பிளே மட்டும்தான். போன வாரம் 12 வோல்ட் பெட்டரியை மாற்றினேன், நேரம் தப்பாகக் காட்டியது, *5-இல் (கடிகாரம் வைக்கிற இடம்) சரி செய்தேன்.

பிரச்சினை இதுதான். ஆபீஸ் பக்கத்து மழைமானியைக் காலை எட்டரைக்கு அளந்து நோட்டில் எழுதுவோம். புதன்கிழமை நோட்டில் 41, லொகரில் 12. அடுத்த நாள் நோட்டில் 3, லொகரில் 30-க்கு மேல். லொகர் நள்ளிரவோடு கூட்டலை முடிக்கிறது என்று புரிந்தது. நிரல் இருக்கிற *1-க்குப் போய், எந்த நேரத்தில் எழுத வேண்டும் என்று சொல்கிற பி92 கட்டளையில் 0 இருந்த இடத்தில் 510 அடித்தேன், திரையிலும் 510 என்றே தெரிந்தது, நிரலை ஓடவிட *0 கொடுத்தேன். மறுநாள் போய்ப் பார்த்தால் மறுபடியும் 0. மூன்று தடவை இப்படியே. அதுவும் போதாதென்று, திருத்தப் போன நாட்களில் லொகர் கூட்டல் இன்னும் குறைவாக வருகிறது.

அந்தச் சரிவுக்கு நேர் கீழே இரண்டு லயம் (தொழிலாளர் வரிசை வீடுகள்) இருக்கிறது. இரவில் பெய்கிற மழையைச் சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுதான் என் கவலை, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் (ஹட்டன்)

தம்பி, 510 அடித்த பிறகு ஏ விசையை அழுத்தினீர்களா? திரையில் எண் தெரிவதால் மட்டும் அது உள்ளே போய்விடாது. ஏ அழுத்தினால்தான் ஏற்றுக்கொண்டு அடுத்த வரிக்கு நகரும். அதற்கு முன் நட்சத்திர விசையைத் தொட்டால் அடித்தது போய்விடும், பழைய 0 அப்படியே இருக்கும். தப்பாக அடித்தால் # ஒரு இலக்கத்தை அழிக்கும், ஆனால் #-ஐத் தொடர்ந்து டி அழுத்திவிடாதீர்கள், முழுக் கட்டளையும் போய்விடும்.

510 சரிதான். நள்ளிரவிலிருந்து எட்டரை வரை 510 நிமிடம், அடுத்த வரியில் 1440 (ஒரு நாளின் நிமிடங்கள்), மூன்றாவதில் 10 (தரவை எழுது என்ற குறி) இருக்க வேண்டும்.

கேள்வி கேட்டவர்

அண்ணே, ஏ அழுத்தவே இல்லை! எண் தெரிகிறதே, போதும் என்று நேராக *0 கொடுத்துவிட்டேன். நாளைக்குக் காலையிலேயே போகிறேன். கூட்டல் குறைவது ஏன் என்று மட்டும் புரியவில்லை.

பதில் (நானுஓயா)

அது *0-இன் வேலை. *1-இல் கை வைத்துவிட்டு *0 கொடுத்தால் லொகர் நிரலை மறுபடி தொகுக்கும், அதுவரை நடுவில் கூட்டி வைத்திருந்த மழை பூச்சியமாகிவிடும். ஏற்கெனவே எழுதி முடித்த தரவுக்கு ஒன்றும் ஆகாது. அதனால் எட்டரைக் கூட்டல் எழுதி முடிந்தவுடன், 8.35 போல, மழை இல்லாத காலையில் திருத்துங்கள். போகும் முன் ஏ அழுத்தி அழுத்தி முழு நிரலையும் ஒரு வரி விடாமல் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள், நான் அப்படி எழுதி வைத்த ஒரு கொப்பிதான் ஒரு தடவை என்னைக் காப்பாற்றியது. *A பக்கம் போக வேண்டாம், அங்கே நினைவக ஒதுக்கீட்டை மாற்றினால் சேமித்ததெல்லாம் அழிந்துவிடும். *5-இல் கேட்பது ஆண்டின் நாள் எண், ஜூன் 15 என்றால் சாதாரண ஆண்டில் 166. அதையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

பெட்டரி மாற்றியதும் நேரம் போயிருந்தால் உள்ளே இருக்கிற லித்தியம் செல் தளர்ந்திருக்கலாம். *B-இல் எட்டாவது திரையில் அதன் வோல்டேஜ் வரும்.

இன்னொன்று, லயத்தைப் பற்றிச் சொன்னதால் சொல்கிறேன். எட்டரைக் கூட்டலை மட்டும் நம்பாதீர்கள். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கைக்கு 24 மணி நேரத்தில் 75, 100, 150 மி.மீ. என்ற அளவுகளை வைத்திருக்கிறது. அந்த 24 மணி நேரம் எட்டரைக்குத்தான் தொடங்கும் என்று இல்லை. மாலை ஆறிலிருந்து மறுநாள் மாலை ஆறு வரை கொட்டினால் மழை இரண்டு நாள் கணக்கில் பிரிந்து, இரண்டுமே சின்னதாகத் தெரியும். 2014 ஒக்டோபர் 29 காலையில் மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை நாம் யாரும் மறக்கவில்லை. அதனால் மணிக்கணக்கையும் சேருங்கள். கடைசியில் இன்னொரு பி92: 0, 60, 10. அதற்குக் கீழே நேரத்துக்குப் பி77, 110 (நாளும் மணி-நிமிடமும்) கொடுத்து. அப்புறம் கூட்டலுக்குப் பி72, மழை இருக்கிற இட எண்ணோடு. ஒவ்வொரு வரிக்கும் ஏ.

பழைய தரவைப் புரட்டினால் 2006 ஏப்ரல் 15-க்கு முன் நம் கடிகாரம் அரை மணி நேரம் முன்னால் ஓடியது என்பதையும் மனதில் வையுங்கள்.

கேள்வி கேட்டவர்

நான்கு நாள் கழித்து எழுதுகிறேன். நோட்டில் எல்லாம் எழுதிக்கொண்டு, 8.40-க்கு 510, ஏ. மூன்று புதுக் கட்டளையும் சேர்த்து *0. வாளியை விரலால் ஐந்து தடவை கவிழ்த்து *6-இல் (அப்போதைய அளவீடுகள்) பார்த்தேன், அடுத்த நிமிடம் 1.0 வந்தது. அதை அன்றைய கணக்கிலிருந்து கழிக்க நோட்டில் குறித்துவிட்டேன்.

சேமித்த தரவைக் காட்டுகிற *7-இல் எட்டரைக் கூட்டல் 103 என்ற எண்ணோடும் மணிக்கணக்கு 106 என்ற எண்ணோடும் தனித்தனியாக வருகிறது, எந்த வரிசைக் கட்டளை எழுதியது என்று அதிலேயே தெரிகிறது. நேற்று நோட்டில் 27, லொகரில் 26.4. லித்தியம் வோல்டேஜ் குறைவாகத்தான் இருக்கிறது, புதுசு தேடுகிறேன். முந்தாநாள் இரவு இரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் நடுவில் மட்டும் 14.8 பெய்திருக்கிறது. லயத்துத் தலைவரிடம் காட்டினேன், இனி மழை நாளில் நானும் அவரும் சேர்ந்து மேலே போய்ப் பார்ப்பதாகப் பேசியிருக்கிறோம்.