‘மலைவீட்டுச் சொந்தங்கள்’ குழு: நவம்பரில் ஊட்டிக்கு வரலாமா?

நவம்பர் 4

தாம்பரம் சித்தப்பா (காலை 6:12): அனைவருக்கும் காலை வணக்கம். எங்கள் திருமணத்தின் வெள்ளி விழா இந்த மாதம் 22-ஆம் தேதி வருகிறது. ஊட்டியில் கொண்டாட வேண்டும் என்பது மகள் நித்யாவின் விருப்பம். தாவரவியல் பூங்காப் புல்வெளியில், பூக்களுக்கு நடுவே எங்களை நிற்க வைத்துப் படம் எடுக்கப் போகிறாளாம். நீலகிரி எக்ஸ்பிரஸில் டிக்கெட் எடுத்துவிட்டேன்.

குன்னூர் அத்தை (6:20): வாழ்த்துகள் தம்பி. டிக்கெட் எடுத்த பிறகுதான் குழுவில் சொல்வாயா?

பெரியப்பா (6:31): நவம்பர் 22-இல் பூவா? யார் சொன்னது?

நித்யா (6:33): பெரியப்பா, போன மாதம் என் தோழி போய் வந்தாள். மாடம் முழுக்கத் தொட்டி தொட்டியாகப் பூக்கள். படங்களை நானே பார்த்தேன்.

பெரியப்பா (6:40): அது இரண்டாம் சீசன். செப்டம்பர், அக்டோபருடன் முடிந்தது. இப்போது அந்தத் தொட்டிகளை எல்லாம் இறக்கிக்கொண்டிருப்பார்கள். நான் வேலையில் இருந்த காலம் முழுக்க ஐப்பசியும் கார்த்திகையும் எனக்குத் தொட்டி கழுவித்தான் கழிந்தன.

நித்யா (6:41): அப்படியென்றால் பூங்காவில் ஒன்றுமே இருக்காதா?

பெரியப்பா (6:43): ஒன்றுமே இல்லை என்று நான் சொன்னேனா? பூ இருக்காது என்றேன். 55 ஏக்கர் இருக்கிறது. அவ்வளவு ஆட்களும் இருக்கிறார்கள். வேலை நடக்கிறது.

குன்னூர் அத்தை (6:45): அண்ணா, காலையிலேயே குழந்தையை மிரட்டாதீர்கள்.

கலா அண்ணி (பகல் 1:08): இப்போதுதான் சாப்பிட உட்கார்ந்தேன், போனைப் பார்த்தேன். சின்ன மாமாவுக்கு வாழ்த்துகள். மாமா சொல்வது சரிதான். பெரிய புல்வெளியில் கயிறு கட்டியிருக்கிறோம், யாரையும் உள்ளே விடுவதில்லை. சீசனில் மிதிபட்ட இடமெல்லாம் தரை இறுகிக் கிடக்கிறது. கொத்திவிட்டு, சலித்த மண்ணும் மக்கிய எருவும் தூவிச் சமன் செய்கிறோம். இன்று எனக்கு அந்த வேலைதான்.

தாம்பரம் சித்தப்பா (1:15): ஓரமாக ஐந்து நிமிடம் நின்று ஒரு படம் எடுத்துக்கொள்ளக் கூடாதா கலா?

கலா அண்ணி (1:16): ஐந்து நிமிடம்தான் என்று சொல்லித்தான் எல்லோரும் கயிற்றைத் தாண்டுகிறார்கள் சின்ன மாமா. விசில் ஊதியே எங்களுக்கு மூச்சு வாங்குகிறது.

தினேஷ் (1:22): நித்யா, செவ்வந்தி இருக்கும். இரவு நீளமானால்தான் அது மொட்டு விடும். இப்போதுதான் அதன் காலம். பூவே இல்லை என்று அழாதே.

நித்யா (1:23): வேளாண் கல்லூரி பேசுகிறது. நான் அழவில்லை.

பெரியப்பா (1:50): தினேஷ் சொல்வது சரி. கண்ணாடி மாளிகைக்குள்ளும் கொஞ்சம் பூ இருக்கும். அங்கே பனி இறங்காது.

நவம்பர் 5

கலா அண்ணி (காலை 7:02): இன்று நீர்ப்பனி விழுந்திருக்கிறது. புல்லில் நடந்து வந்தேன், செருப்பும் சேலைக் கரையும் நனைந்துவிட்டன. மழை விட்ட மறுநாளே வந்துவிட்டது.

பெரியப்பா (7:05): மிலார் வெட்டப் போய்விட்டார்களா?

கலா அண்ணி (7:06): நாளை முதல் வண்டி வருகிறது மாமா.

நித்யா (7:30): மிலார் என்றால் என்ன?

பெரியப்பா (7:48): கோத்தகிரி மிலார் என்போம். புதர்ச் செடி. கிளை நெருக்கமாக, சிறு சிறு குச்சியாக இருக்கும். அதை வெட்டி வந்து, பனி தாங்காத செடியைச் சுற்றி அடிக்குச்சியை மண்ணில் குத்தி, நுனிகளை உள்பக்கமாகச் சாய்த்துக் கூம்பாகச் சேர்த்துவிட வேண்டும். மேலே ஒரு கொத்தைக் கவிழ்க்க வேண்டும். காற்று உள்ளே போய் வரும். பனி மிலார்மேல் நிற்கும், செடிமேல் இறங்காது. அலங்காரச் செடிகளுக்கும் பெரணிகளுக்கும் இதுதான் குளிர்காலச் சட்டை.

நித்யா (7:50): ஒரு பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு மூடினால் வேலை முடிந்துவிடுமே?

பெரியப்பா (7:55): மூடலாம். ஆனால் விரிப்பு எங்கே இலையில் ஒட்டுகிறதோ அங்கே கருகும். குச்சி நட்டு இலையில் படாமல் உயர்த்திக் கட்ட வேண்டும். காலையில் அவிழ்க்கவும் வேண்டும். இல்லையென்றால் வெயிலில் உள்ளே புழுங்கும். மிலாரை ஒருமுறை வைத்தால் மாசி வரை அதைத் தொட வேண்டாம்.

கலா அண்ணி (பகல் 1:12): நாற்றுகளுக்கு நிழல்வலையும் போடுகிறோம் மாமா. எல்லாவற்றுக்கும் மிலார் கிடைப்பதில்லை. அதோடு மிலார் குத்தினால் என் கையைப் பார்க்க வேண்டும், முழங்கை வரை கீறல்.

பெரியப்பா (1:14): கோணிச் சாக்கை வெட்டிக் கைக்கு உறையாக மாட்டிக்கொள் என்று போன வருடமே சொன்னேன்.

கலா அண்ணி (1:15): கையுறை கொடுத்திருக்கிறார்கள். அதைப் போட்டால் குச்சி பிடிபடவில்லை.

தாம்பரம் சித்தப்பா (இரவு 8:40): அண்ணா, எனக்கு ஒரு சந்தேகம். மழையும் மேகமுமாக இருக்கும்போதுதானே குளிர வேண்டும்? வானம் தெளிந்த பிறகு ஏன் பனி?

தினேஷ் (8:52): நான் சொல்கிறேன் மாமா. பகலில் வாங்கிய சூட்டைத் தரை இரவெல்லாம் வானத்துக்கு விட்டுக்கொண்டே இருக்கும். மேகம் இருந்தால் அதில் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பும். மேகமும் இல்லை, காற்றும் இல்லை என்றால் புல்லின் நுனி, சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்துவிடும். அதனால்தான் வீட்டுச் சுவரில் மாட்டிய வெப்பமானி 3 டிகிரி காட்டும்போதே வெளியே புல்லில் உறைபனி இருக்கும். குளிர்ந்த காற்று கனமானது, சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும்.

பெரியப்பா (9:01): அதைத்தான் நாங்கள் படிக்காமலே தெரிந்து வைத்திருந்தோம். வெள்ளை முதலில் கீழ்ப் புல்வெளியில் விழும். மேலே தோடர் குடியிருப்பான மந்துப் பக்கம் ஏறினால் குறைந்துவிடும். ஒரே பூங்கா, இரண்டு குளிர்.

குன்னூர் அத்தை (9:05): எங்கள் குன்னூரில் இந்தத் தொல்லை இவ்வளவு இல்லை. சிம்ஸ் பூங்காவுக்கு வாருங்கள், மிலாரும் வேண்டாம், கயிறும் வேண்டாம்.

பெரியப்பா (9:06): ஆரம்பித்துவிட்டாள்.

குன்னூர் அத்தை (9:06): 1874-இல் தொடங்கிய பூங்கா அண்ணா.

பெரியப்பா (9:07): எங்களுடையது 1848. இங்கிலாந்தின் கியூ தோட்டத்திலிருந்து வந்த மெக்ஐவர் போட்டது. மலைச்சரிவும் சதுப்புமாகக் கிடந்த இடத்தைப் பாத்தியும் படிக்கட்டுமாக ஆக்கினார். பேசாமல் போய்ப் படு.

நவம்பர் 9

நித்யா (காலை 10:15): பெரியப்பா, வருவதை மே மாதத்துக்குத் தள்ளிப் போடலாமா என்று அப்பா யோசிக்கிறார். உங்கள் கருத்து என்ன?

பெரியப்பா (10:40): டிக்கெட்டை ரத்து செய்ய வேண்டாம். மே மாதம் மலர்க் கண்காட்சிக்கு ஊரே வரும். 1896-இல் தொடங்கியது, அன்றிலிருந்து கூட்டம்தான். அந்த நெரிசலில் என்ன பார்ப்பாய்? பூவைப் பார்க்க யாரும் வரலாம். அந்தப் பூ எப்படி வருகிறது என்று பார்க்க இப்போதுதான் வர வேண்டும். கலாவோடு ஒரு நாள் நாற்றங்காலில் நில்.

கலா அண்ணி (10:44): நாற்றங்காலுக்குள் வெளியாட்கள் வரக் கூடாது மாமா. வேலிக்கு வெளியே நின்று பார்க்கலாம்.

பெரியப்பா (10:45): சரி, வேலிக்கு வெளியே நில். அங்கிருந்தே எல்லாம் தெரியும்.

நித்யா (10:47): அங்கே அப்படி என்ன நடக்கும்?

கலா அண்ணி (பகல் 1:20): பெகோனியா விதையை நீ பார்த்திருக்கிறாயா? பொடி மாதிரிகூட இல்லை, தூசி. ஒரு கிராமில் பல்லாயிரம் விதை. கையில் எடுத்தால் ரேகைக்குள் போய் ஒளிந்துகொள்ளும். சலித்த மணலில் கலந்து, மூச்சை அடக்கிக்கொண்டு தட்டில் தூவுவோம். மேலே மண் போட்டு மூடக் கூடாது, வெளிச்சம் பட்டால்தான் முளைக்கும். பூவாளியும் கூடாது, ஒரு சொட்டு விழுந்தாலும் விதையெல்லாம் ஒரு மூலைக்கு ஓடிவிடும். தட்டைத் தண்ணீர்த் தொட்டியில் வைத்து, அடியிலிருந்து ஈரம் ஏறி மேல்மண் கறுத்ததும் எடுத்துவிட வேண்டும். இந்த வேலைக்குத் தும்மல்காரர்களைச் சேர்க்க மாட்டோம்.

குன்னூர் அத்தை (1:24): தம்பியை அந்தப் பக்கமே விடாதே கலா. அவன் தும்மினால் நாற்றங்காலே தாம்பரம் போய்விடும்.

தாம்பரம் சித்தப்பா (1:30): அக்கா, 25-ஆம் ஆண்டு விழாவுக்கு வருகிற மனிதனைப் பற்றிப் பேசுகிற பேச்சா இது?

நித்யா (1:33): அண்ணி, முளைத்த பிறகு?

கலா அண்ணி (1:41): முதலில் ஒரு பச்சைப் பூச்சு மாதிரிதான் தெரியும், பாசி பிடித்ததோ என்று நினைப்பாய். இலை இரண்டு விட்டதும் தீக்குச்சி முனையால் ஒவ்வொன்றாகக் கிளப்பி வேறு தட்டில் நட வேண்டும். தண்டைப் பிடித்தால் நசுங்கிவிடும், இலையைத்தான் பிடிக்க வேண்டும். பிறகு தொட்டி, பிறகு பெரிய தொட்டி. சாப்பாட்டு நேரம் முடிந்தது, போகிறேன்.

தாம்பரம் சித்தப்பா (மாலை 6:10): அண்ணா, வேறு ஒரு கேள்வி. டேலியா கிழங்கு ஒன்று கிடைத்தால் எங்கள் மொட்டைமாடியில் வைக்கலாமா?

பெரியப்பா (6:35): பூங்காவில் கேட்காதே, கொடுக்க மாட்டார்கள், கொடுக்கவும் கூடாது. நம் வீட்டுக் கொல்லையில் இருக்கிறது, தோண்டித் தருகிறேன். ஆனால் தாம்பரத்துச் சூட்டில் சித்திரையைத் தாண்டும் என்று நான் வாக்குத் தர மாட்டேன்.

பெரியப்பா (6:42): கிழங்கை எப்படி எடுப்பது என்று கேட்டுக்கொள். பூத்து ஓய்ந்து, இலை மஞ்சளானதும் தண்டை அரையடி விட்டு வெட்ட வேண்டும். சுற்றிலும் ஒரு சாண் தள்ளி மண்வெட்டியை இறக்கி, அப்படியே நெம்பித் தூக்க வேண்டும். தண்டைப் பிடித்து இழுத்தால், தண்டும் கிழங்கும் சேரும் கழுத்து முறியும். கழுத்து முறிந்த கிழங்கு குழம்புக்குத்தான். ஏனென்றால் முளை விடும் கண் இருப்பது கிழங்கில் இல்லை, கழுத்தில். கிழங்கைப் பிரிக்கும்போது ஒவ்வொரு துண்டோடும் கொஞ்சம் கழுத்தும் ஒரு கண்ணும் வர வேண்டும். உருளைக்கிழங்கு வெட்டுகிற நினைப்பில் வெட்டினால் ஒன்றும் முளைக்காது.

தினேஷ் (6:50): மாமா, டேலியாக் கிழங்கை உண்மையாகவே சிலர் சமைத்துச் சாப்பிடுகிறார்கள். அதன் பூர்வீகம் மெக்சிகோ.

பெரியப்பா (6:52): உங்கள் கல்லூரியில் இதையெல்லாமா சொல்லித் தருகிறார்கள்? நல்லது. கேள், தம்பி: எடுத்த கிழங்கை நிழலில் உலர்த்தி, காய்ந்த மணலில் புதைத்து வை. ஈரம் இருந்தால் அழுகும். இங்கே வடகிழக்கு மழை பெய்தபடியே இருப்பதால் அதுதான் எங்களுக்குப் பெரிய பாடு. பனியில் போனதைவிட அழுகிப் போனதுதான் அதிகம்.

நவம்பர் 14

கலா அண்ணி (காலை 7:20): [படம்] இந்த ஆண்டின் முதல் உறைபனி. கீழ்ப் புல்வெளி, காலை 6 மணி. மாமா கேட்டதற்காக எடுத்தேன், விரல் மரத்துப் போய்ப் படம் ஆடிவிட்டது.

நித்யா (7:22): ஐயோ, எவ்வளவு அழகு! உப்பைக் கொட்டியதைப் போல இருக்கிறது. அண்ணி, 22-ஆம் தேதியும் இப்படி இருக்குமா?

கலா அண்ணி (7:25): உனக்கு அழகு. எங்களுக்கு ஓட்டம். வெயில் வருவதற்குள் தண்ணீர் அடித்துப் பனியைக் கரைக்க வேண்டும். தெளிப்பான்களைத் திறந்துவிட்டோம், அது எட்டாத ஓரங்களுக்குக் குழாயோடு போனேன். பனி இருக்கும்போதே வெயில் சுள்ளென்று அடித்தால் புல் இரண்டே நாளில் பழுப்பாகிவிடும்.

பெரியப்பா (7:31): அந்த வெள்ளைமேல் யாரையும் நடக்க விடாதே. உறைந்த புல்லை மிதித்தால் முறியும். அடுத்த நாள் பார்த்தால் கால் தடம் கால் தடமாகக் கறுத்திருக்கும். யார், எந்த அளவுச் செருப்பு என்பதுகூடத் தெரியும்.

கலா அண்ணி (7:33): அதற்குத்தான் கயிறு மாமா.

தாம்பரம் சித்தப்பா (7:45): சரி, முடிவாகச் சொல்கிறேன். டிக்கெட்டை ரத்து செய்யவில்லை, வருகிறோம். படம் கண்ணாடி மாளிகையில். மேட்டுப்பாளையத்தில் இறங்கி மலை ரயில் ஏறுகிறோம்.

குன்னூர் அத்தை (7:50): மலை ரயிலை நம்பாதே தம்பி. நவம்பர் மழையில் கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே எப்போது மண் சரியும் என்று சொல்ல முடியாது, உடனே நிறுத்திவிடுவார்கள். அரசு பஸ்ஸில் வா. வெளியூர் வண்டிகளுக்குக் கேட்கும் இ-பாஸும் அதற்குத் தேவையில்லை. தண்ணீருக்கு எவர்சில்வர் பாட்டில் கொண்டு வா, பிளாஸ்டிக் பாட்டிலைச் சோதனைச் சாவடியிலேயே பிடுங்கிக்கொள்வார்கள். குன்னூரில் இறங்கி என் வீட்டில் காலைச் சாப்பாடு.

நித்யா (7:52): பெரியப்பா, ரோஜாப் பூங்காவுக்கும் போகலாமா?

பெரியப்பா (8:01): போகலாம். கண்காட்சியின் நூறாவது ஆண்டு நினைவாக 1995-இல் அமைத்தது. கவாத்து, அதாவது கிளை வெட்டுவது, மார்கழி, தை மாதங்களில்தான், அதனால் இப்போது போனால் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பூ கிடைக்கும். கவாத்து முடிந்த பிறகு போனால் வெறும் குச்சி. வெட்டுவதையும் உனக்குக் காட்டலாம், வீட்டில் நான்கு ரோஜாச் செடி இருக்கிறது. வெளிப்பக்கம் பார்த்த கண்ணுக்குக் கால் அங்குலம் மேலே, சாய்வாக ஒரே வெட்டு. இரண்டாவது வெட்டு வேண்டியிருந்தால் கத்தரி மழுங்கிவிட்டது என்று பொருள்.

தாம்பரம் சித்தப்பா (8:05): அண்ணா, வரும்போது உங்களுக்கு என்ன வாங்கி வர?

பெரியப்பா (8:06): ஒன்றும் வேண்டாம். காசிமேட்டில் நல்ல வஞ்சிரக் கருவாடு கிடைத்தால் ஒரு கிலோ. இரத்த அழுத்தம் என்று கலா விடமாட்டாள், அவளுக்குத் தெரிய வேண்டாம்.

கலா அண்ணி (8:07): மாமா, குழுவில் எழுதியிருக்கிறீர்கள்.

பெரியப்பா (8:07): *இந்தச் செய்தி நீக்கப்பட்டது*

குன்னூர் அத்தை (8:08): நாங்கள் எல்லோரும் படித்துவிட்டோம் அண்ணா.

கலா அண்ணி (8:10): அரைக் கிலோ வாங்கி வாருங்கள் சின்ன மாமா. அதில் பாதி எனக்கு.