பயந்த பிள்ளைகளும் படப் புத்தகங்களும்: உங்கள் அனுபவம் என்ன?

முன்பள்ளி ஆசிரியை, கோண்டாவில்

ஐப்பசியில் இடி முழங்கத் தொடங்கினால் எங்கள் முன்பள்ளியில் பாதிப் பிள்ளைகள் என் சேலைத் தலைப்புக்குள் வந்துவிடுவார்கள். மூன்று, நான்கு வயதில் கற்பனை வேகமாக வளர்கிறது. எது நடக்கும், எது நடக்காது என்று பிரித்துப் பார்க்கும் அறிவு மெல்லத்தான் பின்னால் வருகிறது. ஆகவே இந்தப் பயத்தை நான் குறையாகப் பார்ப்பதில்லை.

எதற்குமே அஞ்சாத சிறுவனின் கதையை வாசித்தால் கை தட்டுவார்கள். அடுத்த இடிக்கு மறுபடியும் ஒளிவார்கள். கட்டிலுக்கடியில் பதுங்கும் ஓர் ஆட்டுக்குட்டியின் கதைதான் பலன் தந்தது. அந்தக் குட்டி கடைசிவரை நடுங்கிக்கொண்டேதான் வெளியே வருகிறது. ஒரு சிறுமி, அது பதுங்கியிருக்கும் படத்தைத் தாண்ட விடவே இல்லை. “ரீச்சர், திருப்ப வேண்டாம்” என்பாள். நானும் திருப்பவில்லை. “குட்டிக்கு இப்போது என்ன கேட்கிறது?” என்று மட்டும் கேட்பேன். மழை, தாயாட்டின் மணி, யாரோ இருமுவது என்று படத்தில் இல்லாததையெல்லாம் சொல்வாள். பிறகு ஒருநாள் அவளே தாளின் ஓரத்தைத் தூக்கினாள். பக்கத்தைத் திருப்பும் உரிமை பிள்ளையின் கையில் இருக்க வேண்டும் என்பதே என் கட்சி.

பேரப்பிள்ளைகளோடு இருக்கும் அம்மம்மா, பருத்தித்துறை

பிள்ளைபிடிகாரன் வருகிறான் என்று வெருட்டித்தான் எங்களுக்குச் சோறு தீத்தினார்கள். நாங்கள் என்ன கெட்டா போய்விட்டோம்? 1990களில், போரால் மின்சாரமே இல்லாதபோது, ஜாம் போத்தல் விளக்கடியில் என் பிள்ளைகளுக்கு வாயால்தான் கதை சொன்னேன். மண்ணெண்ணெயே கிடைக்காத காலத்தில் படப் புத்தகத்துக்கு எங்கே போவது?

ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆவணியில் பின்வளவில் பனம்பழம் ‘தொப்’பென்று விழும்போதெல்லாம் பேரன் அலறுவான். “அங்கே ஒன்றுமில்லை” என்றால் நம்பமாட்டான். அவன் சொல்வதும் நியாயம்தானே, சத்தம் கேட்கிறதே! மகள் வாங்கி வந்த புத்தகத்தில் ஆந்தை, வௌவால், மரநாய் என்று இரவில் திரியும் உயிர்கள் எல்லாம் இருந்தன. இப்போது சத்தம் கேட்டால், “அம்மம்மா, இது பழமா, மரநாயா?” என்கிறான். குரல் இன்னும் நடுங்குகிறது. ஆனால் என் கையைப் பிடித்துக்கொண்டு கிணற்றடி வரை வருகிறான்.

ஒரு தந்தை, நல்லூர்

ரீச்சரின் கருத்தோடு எனக்குச் சிறிய வழக்கு உண்டு. என் மகன் பயமான பக்கத்தில் நிற்கமாட்டான். இரண்டு மூன்று தாள்களைச் சேர்த்துத் தள்ளிவிட்டு முடிவுக்கு ஓடுவான். முதலில் முடிவைப் பார்த்து நிம்மதியடைந்த பிறகுதான் பூதத்திடம் திரும்பி வருவான். அதுவும் ஒரு வழிதான். படப் புத்தகம் பெரும்பாலும் 32 பக்கம். பெரிய தாளை மடித்து வெட்டும் அச்சு முறையால் அமைந்த கணக்கு அது. ஒரே இருப்பில் இரண்டு முறை வாசித்துவிடலாம் என்பது நமக்கு இலாபம்.

புத்தகம் விலை என்பவர்களுக்கு: பொது நூலகத்தின் சிறுவர் பகுதிக்குப் பிள்ளையையும் கூட்டிச் சென்று அவனையே எடுக்க விடுங்கள். இந்தியாவின் பிரதம் புக்ஸ் என்ற சிறுவர் நூல் பதிப்பகம் 2015இல் தொடங்கிய ‘ஸ்டோரிவீவர்’ இணையத் தளத்திலும் தமிழ்ப் படக்கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. தொலைபேசித் திரையில் தாள் புரட்டும் சுகம் இல்லை என்பது வேறு கதை.

முன்பள்ளி ஆசிரியை, கோண்டாவில்

தம்பி சொன்னதை ஏற்கிறேன். தாள்களைத் தள்ளுவதும் பிள்ளையின் கைதானே. ஆனால் பயத்தால் வாரக்கணக்காக உறக்கமும் சாப்பாடும் கெட்டால் புத்தகத்தை நம்பிக்கொண்டிராமல் வைத்தியரிடம் காட்டுங்கள்.

இன்னொன்று: பூதத்தின் குரலை நீங்கள் போடாமல் பிள்ளையையே போடச் சொல்லுங்கள். எங்களிடம் மிகவும் பயந்த பிள்ளைதான் எல்லோரையும்விட உரக்க உறுமுகிறது. பக்கத்து வகுப்பு ஆசிரியை முறைப்பார், சமாளித்துக்கொள்ளலாம்.