தொண்டியிலிருந்து வேம்பார் வரை கடலோரமாக இரண்டு பைக்: வழி, முள், காற்று பற்றிச் சொல்லுங்கள்

வைகைக்கரை (கேள்வி)

வணக்கம். தை மாதம் மூன்று நாள் லீவு கிடைக்கிறது. நானும் கூட்டாளியும் ஆளுக்கொரு வண்டியில் தொண்டியில் ஆரம்பித்து, தனுஷ்கோடியைத் தொட்டுவிட்டு, சாயல்குடி பக்கமாக வேம்பார் வரை போகலாம் என்று இருக்கிறோம். என்னுடையது கிளாசிக் 350, ஸ்போக் வீல், டியூப் டயர். அவனுடையது பழைய ஸ்ப்ளெண்டர், அதுவும் டியூப்தான்.

கிழக்குக் கடற்கரைச் சாலையிலேயே போனால் ஒரே நாளில் முடிந்துவிடும். அது வேண்டாம். பனங்காடு, உப்பளம், மீனவர் ஊர் என்று உள்ளே உள்ளே போகிற சின்ன ரோடுதான் வேண்டும். எந்தப் பக்கமிருந்து ஆரம்பிப்பது? மணல் பாதையில் இந்த வண்டிகளை இறக்கலாமா? கையில் என்ன சாமான் இருக்கணும்? கரையில் கூடாரம் போட்டுத் தங்க முடியுமா?

கச்சான்

முதலில் காற்றைப் பாருங்கள், அப்புறம் மேப்பைப் பாருங்கள். தை, மாசியில் இங்கே வாடைக்காற்று. வடகிழக்கிலிருந்து வரும். அதனால் தொண்டியிலிருந்து தெற்கே இறங்குவது சரி, பெரும்பாலும் காற்று முதுகில் இருக்கும். இதையே வைகாசி முதல் ஆவணி வரை போவதாக இருந்தால் திருப்பிப் போட்டு வேம்பாரில் ஆரம்பிக்கச் சொல்வேன். கச்சான் (தென்மேற்குக் காற்று) எதிரே அடித்தால் ஸ்ப்ளெண்டர் நாலாவது கியரில் 45-ஐத் தாண்டத் திணறும், பெட்ரோலும் குடிக்கும்.

முதல் நாள். தொண்டியில் டேங்கை நிரப்பிக்கொண்டு தெற்கே வாருங்கள். காரங்காட்டில் அலையாத்திக் காடு இருக்கிறது, வனத்துறையே படகில் கூட்டிப் போவார்கள். காலையிலேயே முடித்துவிடுங்கள், மதியம் நிழல் கிடையாது. பிறகு உப்பூர், திருப்பாலைக்குடி, தேவிபட்டினம். நவபாஷாணம் கடலுக்குள் இருக்கிறது, அரை மணி நேரம் போதும். தேவிபட்டினத்திலிருந்து எல்லோரும் ராமநாதபுரம் டவுனுக்குள் போய் மாட்டிக்கொள்வார்கள். நீங்கள் சித்தார்கோட்டை, பனைக்குளம், அழகன்குளம் என்று கேட்டுக் கேட்டுப் போய் உச்சிப்புளியில் ஏறுங்கள். அழகன்குளம் வைகை கடலில் சேர்கிற முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. ரோமானியக் காசும் மட்பாண்டமும் கிடைத்த பழைய துறைமுக ஊர். பார்ப்பதற்குக் கட்டிடம் எதுவும் இல்லை, ஆனால் அந்த ரோடே பார்க்க வேண்டியதுதான்: இரண்டு பக்கமும் பனை, நடுவில் ஒற்றை லாரி அகலத்துக்குத் தார். அங்கிருந்து மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம். எப்படிச் சுற்றினாலும் 120 கிலோமீட்டருக்குள் அடங்கும்.

இரண்டாம் நாள் விடியலில் அரிச்சல்முனை. முகுந்தராயர் சத்திரத்துக்கு அப்பால் 2017-இல் போட்ட ரோடு, கடைசி வரை தார்தான். 1964 டிசம்பர் புயலில் போன சர்ச்சும் ரயில் நிலையமும் வழியிலேயே இருக்கின்றன. காலையில் போகச் சொல்வதற்குக் காரணம் சூரிய உதயம் மட்டும் இல்லை. பத்து மணிக்கு மேல் வேன் கூட்டம், காற்றும் ஏறிவிடும், மணல் ரோட்டின் மேல் ஓட ஆரம்பிக்கும். பொதுவாக மாலை 5 மணிக்கு மேல் உள்ளே விட மாட்டார்கள். திரும்பும்போது பாம்பனில் குந்துகால், பிறகு உச்சிப்புளி. அங்கே இடது பக்கம் பிரிந்து இரட்டையூரணி, பெரியபட்டினம், முத்துப்பேட்டை வழியாகத் திருப்புல்லாணி, சேதுக்கரை, கீழக்கரை, ஏர்வாடி. ராத்திரி தங்க ஏர்வாடியில் தர்ஹாவைச் சுற்றி லாட்ஜ் நிறைய இருக்கிறது.

மூன்றாம் நாள் ஏர்வாடியிலிருந்து வாலிநோக்கம் விலக்கில் திரும்பி உப்பளம் பார்த்துவிட்டு மாரியூர், மூக்கையூர், நரிப்பையூர், வேம்பார். மூக்கையூரில்தான் குண்டாறு கடலில் சேர்கிறது. தூரம் குறைவான நாள் இது, ஆனால் நேரம் அதிகம் பிடிக்கும். மதுரைக்குத் திரும்ப சாயல்குடி, பெருநாழி, அருப்புக்கோட்டை வழி.

கூடாரம் வேண்டாம். இந்தக் கரை முழுக்கக் கடலோரக் காவல் ரோந்து. ராத்திரியில் கரையில் ஆள் இருந்தால் விசாரிப்பார்கள், விசாரிக்கவும் வேண்டும். அசல் அடையாள அட்டை, ஆர்.சி., லைசென்ஸ் எல்லாம் கையில் இருக்கட்டும். உச்சிப்புளியில் கடற்படை விமான தளம் இருக்கிறது. ட்ரோன் இருந்தால் வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

பஞ்சர்கொட்டகை

வழியை அண்ணன் சொல்லிவிட்டார். உங்களை உண்மையில் நிறுத்தப்போவது சீமைக்கருவேல முள்.

ரோட்டோரம் வெட்டி லாரியில் ஏற்றிப் போவார்கள். ஏற்றிய இடத்திலும், லாரி போன வழியிலும் முள் உதிர்ந்து கிடக்கும். அதனால் தார் ரோட்டில் ஓரமாக ஒதுங்காதீர்கள், சக்கரம் உருண்டு உருண்டு சுத்தமான தடத்திலேயே போங்கள். எதிரே பஸ் வந்து ஒதுங்க வேண்டியிருந்தால் வேகத்தை நன்றாகக் குறைத்து இறங்குங்கள். நிறுத்தும் இடத்தையும் பார்த்து நிறுத்துங்கள். நிழலுக்காகக் கருவேல மரத்தடியில் விட்டால் எடுக்கும்போது முன்னும் பின்னும் ஒன்றாகப் போயிருக்கும்.

இந்த முள் ஆணி மாதிரி உடனே காற்றை இறக்காது. குத்தி, ஒடிந்து, முனை டயர் ரப்பருக்குள்ளேயே நிற்கும். மெதுவாக இறங்கும், வளைவில் பின்பக்கம் நெளியும்போதுதான் தெரியும். டியூபைக் கழற்றி ஒட்டி மாட்டுகிறவர்கள் செய்கிற தப்பு, அந்த முனையைத் தேடாமல் விடுவது. பத்து கிலோமீட்டரில் அதே இடத்தில் மறுபடி குத்தும். டயரின் உள்பக்கம் முழுக்க ஒரு துணியை அழுத்தித் தேய்த்துச் சுற்றுங்கள். துணி எங்கே இழுக்கிறதோ அங்கே முள். விரலால் தேடாதீர்கள். வெளியே தள்ள முடியாவிட்டால் கட்டிங் பிளேயரால் உள்ளிருந்து இழுங்கள்.

ஒட்டுவதற்கு முன் டியூபை நல்ல தண்ணீரில் துடைத்துக் காயவிடுங்கள். உப்புக் காற்றில் டியூப் மேல் ஈரப் படலம் நிற்கும், அதன் மேல் சொல்யூஷன் பிடிக்காது. உப்புத்தாளில் தேய்த்து, சொல்யூஷன் மெல்லிசாகப் பூசி, தொட்டால் கையில் ஒட்டாத பதம் வரும் வரை, அதாவது அஞ்சு நிமிஷம், பொறுத்துப் பேட்ச் வையுங்கள். அவசரப்பட்டு ஈரமாக வைத்தால் வெயிலில் கழன்று வரும்.

எடுத்துக்கொள்ள வேண்டியது: டயர் லீவர் 3, பேட்ச் ஒரு டஜன், சொல்யூஷன் புது ட்யூப் 2 (திறந்த பழையது உள்ளேயே காய்ந்திருக்கும்), கால் பம்ப், காற்று பார்க்கும் கேஜ், வால்வு ஊசி 2, இரண்டு வண்டிக்கும் ஆக்சில் நட்டுக்குப் பொருந்தும் ஸ்பேனர். ஸ்பேனரை வீட்டிலேயே மாட்டித் திருப்பிப் பார்த்துவிட்டு எடுங்கள். அடுத்து டியூப். ஸ்ப்ளெண்டருக்கு இரண்டு பக்கமும் 18 இன்ச். கிளாசிக் புது மாடல் என்றால் முன்னே 19, பின்னே 18. 18 இன்ச் டியூபை 19 ரிம்மில் அவசரத்துக்கு மாட்டி அடுத்த ஊர் போகலாம். அதனால் கிளாசிக் பின்பக்க அளவு ஒன்று, ஸ்ப்ளெண்டர் அளவு ஒன்று, இரண்டு போதும்.

கிளாசிக்குக்கு சென்டர் ஸ்டாண்டு இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் பின் சக்கரம் கழற்ற இரண்டு பேருமே வேண்டும்.

வைகைக்கரை

ரொம்ப நன்றி அண்ணா. சென்டர் ஸ்டாண்டு இருக்கிறது. இரண்டு சந்தேகம். டியூபுக்குள் சீலன்ட் ஊற்றினால் இந்த வேலையெல்லாம் மிச்சமா? ஏர்வாடிக்கும் மூக்கையூருக்கும் நடுவில் ரோட்டுக்கு வராமல் கரையோடு கரையாகவே போக வழி மேப்பில் கோடு மாதிரி தெரிகிறதே, போகலாமா?

பஞ்சர்கொட்டகை

சீலன்ட் டியூப்லெஸ்ஸுக்கு நல்லது, ஏனென்றால் முள் போட்ட ஓட்டை ரொம்பச் சின்னது. டியூபில் கதை வேறு. முள் டயரில் நிற்க, டியூப் தனியாக நகரும், ஓட்டை கோடாகக் கிழியும். கிழிந்ததைச் சீலன்ட் அடைக்காது. மேலும் உள்ளே கொழகொழவென்று இருக்கிற டியூபில் பேட்ச் ஒட்டுவது நரகம். ஊற்றாதீர்கள்.

தரவைக்காடு

கரையோடு போகிற கோடு பற்றி: போகாதீர்கள்.

அந்தக் கோடுகள் பாதி உப்பளத்து வரப்பு, பாதி தரவை. தரவை மேலே வெள்ளையாகக் காய்ந்து பொருக்கு வெடித்திருக்கும், கெட்டித் தரை மாதிரி தோன்றும். பொருக்குக்குக் கீழே களி. ஸ்ப்ளெண்டர் ஓடிவிடும் என்று நினைத்து கிளாசிக் பின்னால் போனால், 195 கிலோ வண்டி பின் சக்கரம் அச்சு வரை இறங்கும். எடுக்க முறுக்கினால் இன்னும் இறங்கும். வாடை மழை கார்த்திகையோடு விடைபெற்றாலும் தை வரை இந்தத் தரை உள்ளுக்குள் ஈரம்தான். சோதிக்க வேண்டுமென்றால் இறங்கி, செருப்புக் குதிகாலால் ஓங்கி மிதியுங்கள். பொருக்கு உடைந்து கறுப்பு தெரிந்தால் திரும்பிவிடுங்கள். அளத்து வரப்பு அடுத்தவர் தொழிலிடம், வண்டித் தடம் பட்டால் பாத்தி உடையும். கேட்காமல் ஏறக்கூடாது.

கடல் மணலில் இறக்குவதும் வேண்டாம். தை முதல் சித்திரை வரை பங்குனி ஆமை (ஆலிவ் ரிட்லி) முட்டையிட வருகிற கரை இது. மன்னார் வளைகுடாவின் 21 தீவும் தேசியப் பூங்கா, படகுக்காரர் கூப்பிட்டாலும் அனுமதி இல்லாமல் இறங்க முடியாது. குருசடைத் தீவு பார்க்க ஆசையென்றால் குந்துகாலில் வனத்துறைப் படகு பற்றி விசாரியுங்கள்.

தவிர்க்க முடியாத மணல், அதாவது மீனவர் ஊருக்குள் ஐம்பது நூறு அடி வருமே, அதற்கு: டயரின் வழக்கமான காற்றழுத்தத்திலிருந்து 5, 6 பி.எஸ்.ஐ. குறைத்துக்கொள்ளுங்கள். டியூப் டயரில் 18-க்குக் கீழே போகாதீர்கள், டயர் ரிம்மில் நழுவி வால்வு வேரோடு பிய்ந்துவிடும். இரண்டாவது கியர், ஒரே சீரான ஆக்சிலரேட்டர், பார்வை தூரத்தில், முன் பிரேக்கைத் தொடவே கூடாது. தார் வந்ததும் காற்றைத் திரும்ப அடியுங்கள்.

அந்த ஊர்களில் இன்னொன்று, வலை. ரோட்டோரம் காயப்போட்ட வலையிலிருந்தும், வெட்டிப்போட்ட துண்டிலிருந்தும் நைலான் இழை சக்கரத்தில் ஏறும். ஆக்சில் பக்கம் சுற்றிக்கொண்டு சூட்டில் இறுகி ஆயில் சீலை அறுத்துவிடும். ஊர் தாண்டியதும் இறங்கி இரண்டு சக்கர நடுவையும் பாருங்கள். இழை தெரிந்தால் பிளேடால் வெட்டி எடுங்கள், இழுக்காதீர்கள்.

பாம்பன் பாலத்தில் ராமேஸ்வரம் போகும்போது காற்று இடது பக்கமிருந்து வரும். ஆபத்து காற்று இல்லை, பஸ்தான். எதிர் பஸ் பக்கத்தில் வரும்போது காற்று வேறு மாதிரி அடிக்கும், தாண்டியதும் பழைய காற்று திரும்பிக் குத்தும். உடம்பைத் தளர்வாக வைத்து 40-இல் போங்கள். பாலத்தின் இணைப்புகளில் உள்ள இரும்புப் பட்டைகள் ஈரத்தில் வழுக்கும், நேராக நிமிர்ந்து தாண்டுங்கள். புது ரயில் பாலம் 2025 ஏப்ரலில் திறந்ததிலிருந்து தூக்குப் பாலத்தைப் படமெடுக்க நடுவில் நிறுத்துகிறவர்கள் கூட்டம் அதிகம். நிறுத்த அனுமதி இல்லை.

பதநீர்

மேலே யாரும் சொல்லாத விஷயம்: காலண்டரைப் பார்த்தீர்களா? உங்கள் லீவு தை அமாவாசையை ஒட்டி வந்தால் தேவிபட்டினம், சேதுக்கரை, ராமேஸ்வரம் மூன்றும் ஜனக் கடல். ரூம் கிடைக்காது, ரோட்டில் நகர முடியாது. இரண்டு நாள் தள்ளிப் போங்கள்.

மாசி பிறந்தால் முண்டு மிளகாய் காய வைக்க ஆரம்பிப்பார்கள். களம் இல்லாதவர்கள் ரோட்டிலேயே பாதியை எடுத்துக்கொள்வார்கள். குண்டு குண்டாக இருப்பதால் சக்கரத்துக்குக் கீழே உருளும், நொறுங்கினால் பின்னால் வருகிறவருக்குக் கண் எரியும். வைசரை இறக்கிக்கொள்ளுங்கள். பதநீருக்கும் மாசிக்கு மேல்தான் சீசன். தையில் யாராவது ரோட்டோரம் விற்றால் யோசித்துக் குடியுங்கள். சாயல்குடியில் கருப்பட்டி வாங்கலாம்.

சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் ஓட்டாதீர்கள். மயில், ஆட்டுக்கிடை, கரிமூட்டப் புகை எல்லாம் அந்த நேரத்தில்தான் ரோட்டுக்கு வரும்.

தனுஷ்கோடியில் ஃபோன் இலங்கை டவரைப் பிடிக்கப் பார்க்கும். ரோமிங்கை அணைத்து, நெட்வொர்க்கை நீங்களே தேர்ந்தெடுத்து வையுங்கள். ராமேஸ்வரம் டவுனைத் தாண்டினால் பெட்ரோல் பங்க் கிடையாது, அது மட்டும் நினைவிருக்கட்டும். தெற்கே கீழக்கரையிலும் சாயல்குடியிலும் போட்டுக்கொள்ளலாம்.

கச்சான்

தரவைக்காடு சொன்னது சரி. மூன்றாம் நாள் விலக்கு விலக்காக உள்ளே போய் அதே வழியில் திரும்பி வாருங்கள்.

கழுவுவது பற்றி ஒரு வார்த்தை. அரிச்சல்முனை போய் வந்த வண்டியில் உப்புப் பிசுக்கு படிந்திருக்கும், அன்றைக்கே கழுவணும். ஆனால் கடலோரத்தில் பல ஊர் போர் தண்ணீரே உவர். அதில் கழுவினால் காய்ந்ததும் வெள்ளை பூக்கும், உப்பை எடுத்து உப்பைப் பூசின கதை. வாட்டர் சர்வீஸில் தண்ணீரை நாக்கில் வைத்துப் பாருங்கள். உவர் என்றால் ஒரு வாளி குடிதண்ணீர் வாங்கி, செயின், டிஸ்க், ஸ்போக் நிப்பிள், சைலன்ஸர் போல்ட் இந்த இடங்களை மட்டும் துணியால் துடைத்தால் போதும். பிரஷர் தண்ணீரைச் சக்கர நடுவில் அடிக்க விடாதீர்கள், பேரிங்குக்குள் போகும்.

கிளாசிக் செயினில் ஓ-ரிங் இருந்தால் பெட்ரோல் ஊற்றித் துடைக்காதீர்கள், ரப்பர் கெடும். டீசல் தோய்த்த துணி போதும். காய்ந்ததும் 90 நம்பர் கியர் ஆயிலை உள்பக்கமாகச் சொட்டு விட்டுச் சக்கரத்தைச் சுற்றுங்கள். இதை ராத்திரி செய்யணும். காலையில் பூசி உடனே கிளம்பினால் ஆயிலில் மணல் ஒட்டி அரம் மாதிரி அறுக்கும். ஸ்ப்ளெண்டருக்கு மூடின செயின் கவர் இருந்தால் அதைக் கழற்றாமல் வாருங்கள், இந்த ரோட்டுக்கு அதுதான் ராஜா.

காலையில் முதல் பிரேக் கரகரவென்று சத்தம் போடும், டிஸ்க் மேல் ராத்திரியில் பூத்த துரு. நாலு தடவை லேசாகப் பிடித்தால் போய்விடும். அதற்கு அப்புறமும் சத்தம் இருந்தால் பேடுக்குள் மணல், கழற்றித் தட்டிவிட்டுக் கிளம்புங்கள்.